அச்சில் பாட்டியின் வெட்டு இடவலம் மாறிவிட்டது: மறுபடி செதுக்குவதா, இப்படியே ஒப்படைப்பதா?

பால்மரத்துப் பேத்தி (சுங்கை சிப்புட்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் நான்காம் படிவம் படிக்கும் மாணவி. காட்சிக்கலைக் கல்வியை எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் தேர்வு) பாடமாக எடுத்திருக்கிறேன். அச்சுக்கலை தெரிந்தவர்களும், தோட்டத்தில் ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் வெட்டியவர்களும் இந்தக் களத்தில் இருக்கிறீர்கள். எனக்கு இரு தரப்பாரின் பதிலும் வேண்டும்.

இந்தத் தவணையின் இறுதிப் படைப்பு லினோ அச்சு, அதாவது லினோலியத் தகட்டில் செதுக்கி, மை உருட்டித் தாளில் எடுக்கும் படம். அத்துடன் இரண்டு பக்கத்தில் ஒரு சிந்தனை மீட்சியும் எழுதித் தர வேண்டும். என்ன கற்றேன், எங்கே தடுமாறினேன், என்ன முடிவெடுத்தேன் என்று அதில் சொல்ல வேண்டும். மலாயில்தான் எழுதப்போகிறேன். ஆனால் எனக்கு நினைப்பு தமிழில்தான் ஓடுகிறது. எனவே நடந்ததை முதலில் இங்கே தமிழில் எழுதிவிடுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் ஆசிரியை மூன்று வாரம் செருப்பு வரைய வைத்தார். அவரவர் செருப்பைக் கழற்றி மேசைமேல் செய்தித்தாள் விரித்து வைத்துக்கொண்டோம். நான் முதல் நாளே வரைந்து முடித்துவிட்டேன். ஆசிரியை பார்த்துவிட்டு, “இது யாருடைய செருப்பு?” என்று கேட்டார். என்னுடையது என்றேன். “உன்னுடையது என்று இதில் எங்கே தெரிகிறது?” என்றார். திரும்பப் பார்த்தேன். என் இடது செருப்பின் குதிகால், வெளிப்பக்கமாக நாணயத்தின் கால் பங்கு அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஒன்றரை ஆண்டாக அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறேன், அதுவரை அது என் கண்ணில் பட்டதே இல்லை. பிறகு தாளைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்துக்கொண்டு கோடு இழுக்கும் பயிற்சி வந்தது. என் கையையே இருபது நிமிடம் பார்த்து வரைந்தேன். படம் கை போலவே இல்லை. ஆனால் என் கட்டைவிரல் நகத்தில் மெல்லிய வரிகள் ஓடுவது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்து அச்சுப் பாடம். அழிப்பானில் செதுக்கிப் பழகினோம். பெரும்பாலானவர்கள் பூச்சோக் ரெபோங் எனப்படும் மூங்கில் குருத்து வடிவத்தை எடுத்தார்கள். நான் பாட்டி சொல்லிக்கொடுத்த ஐந்து புள்ளிக் கோலத்தை எடுத்தேன். ஒரு குறையும் இல்லாமல் வந்தது. இந்தக் கோலத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இறுதிப் படைப்புக்கு என் பாட்டியின் கையை எடுத்தேன். பாட்டி முப்பது ஆண்டுக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) காலி செய்துவிட்டு இங்கே தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்துவிட்டோம். அவருடைய பால் கத்தி மட்டும் சாமி மேடைக்குக் கீழே உள்ள பெட்டியில், சணல் சாக்கில் சுற்றி இருக்கிறது. அதைக் கையில் கொடுத்து உட்கார வைத்து, நான்கு மாலை வரைந்தேன். அவருடைய வலது கை ஆட்காட்டி விரல், மேல் கணுவில் உள்பக்கமாக வளைந்திருக்கும். எப்போதோ மழைக்காலத்தில் வழுக்கி விழுந்ததில் முறிந்து, அப்படியே கூடிவிட்ட விரல். அந்த வளைவுக்காகவே இந்தப் படம் என்றுகூடச் சொல்லலாம். பின்னணியில் மரம், வெட்டுக்கோடு, கோட்டின் முனையில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு.

ஓவியத்தை அப்படியே பார்த்து லினோவில் வரைந்து, பன்னிரண்டு நாள் செதுக்கி, மை உருட்டி, தாளை வைத்து மர அகப்பையின் முதுகால் தேய்த்து எடுத்தேன். வகுப்பில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஆசிரியை மரப்பட்டையின் வரிகளை விரலால் தொட்டுப் பார்த்துப் பாராட்டினார். மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து பாட்டியிடம் கொடுத்தேன்.

பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இது எந்தத் தோட்டத்து மரம், கண்ணு?” என்று கேட்டார்.

“உங்கள் தோட்டத்து மரம்தான், பாட்டி.”

“எங்கள் தோட்டத்தில் யாரும் இப்படி வெட்ட மாட்டோம். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். இது வலப்பக்கத்திலிருந்து இறங்குகிறது. கத்தியும் இடது கையில் இருக்கிறது.” பிறகு தன் இடது கையை விரித்து அதன் ஆட்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். நேராக இருந்தது. “இந்த விரலுக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அச்சு என்றால் இடம் வலமாகும், வலம் இடமாகும். ஆசிரியை இதை முதல் பாடத்திலேயே சொல்லியிருந்தார். குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனால் நான் அதுவரை அச்சடித்த எதுவும் அதை எனக்குக் காட்டியதில்லை. கோலத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கோலம்தான். மூங்கில் குருத்தும் அப்படித்தான். இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பவற்றையே செதுக்கிக்கொண்டிருந்தவள், இடம் வேறு வலம் வேறாக இருக்கும் ஒன்றை முதன்முறையாகச் செதுக்கியபோது மாட்டிக்கொண்டேன்.

இனி என் கேள்விகள். ஒப்படைக்க இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. புதிய லினோ தகடு வாங்க ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். மறுபடி செதுக்கட்டுமா? அல்லது இருப்பதையே வைத்துச் சரிசெய்ய வழி உண்டா? இரண்டாவது, இதைச் சிந்தனை மீட்சியில் எழுதினால் புள்ளி குறையுமா? பால் வெட்டைப் பார்த்தவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்கிறாள் என் தோழி. பாட்டிக்குத் தெரிகிறதே. மூன்றாவது, பால் வெட்டியவர்களுக்கு: வெட்டு ஏன் இடமிருந்துதான் இறங்க வேண்டும்? பாட்டியைக் கேட்டால், “துரை காலத்திலிருந்து அப்படித்தான்” என்கிறார்.

---

தைப்பிங் ஓவிய வாத்தியார்:

மகளே, நான் இருபத்தெட்டு ஆண்டு இடைநிலைப் பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவன். உன் பதிவை இரண்டு முறை படித்தேன்.

உனக்கு முன்னால் இதே இடத்தில் தவறியவர் ஒருவரைச் சொல்கிறேன். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650இல் ஒரு கூம்புச் சங்கைச் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிட்டார். பளிங்குக் கல் போலக் கறுப்பு வெள்ளைத் திட்டுகள் கொண்ட சங்கு. கண் முன்னால் இருந்த சங்கை அப்படியே தகட்டில் பொறித்துவிட்டார். அச்சில் அதன் சுழி எதிர்ப்புறமாகத் திரும்பிவிட்டது. இயற்கையில் அந்த வகைச் சங்கு அப்படிச் சுழல்வதில்லை. நம் பேச்சில் சொன்னால் இடம்புரி வலம்புரியாகிவிட்டது. இதில் என்னை எப்போதும் நிறுத்தி வைப்பது வேறொன்று. அதே தகட்டில் தன் கையெழுத்தையும் ஆண்டையும் அவர் முறையாகத் திருப்பிப் பொறித்திருக்கிறார். அச்சில் அவை நேராகப் படிக்க வருகின்றன. ஆக, அச்சு திரும்பும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. எழுத்துக்கு இடவலம் உண்டு என்பது நினைவில் நின்றது. சங்குக்கும் உண்டு என்பது நிற்கவில்லை, அல்லது அது அவருக்குப் பொருட்டாகப் படவில்லை. உன் குறிப்பேட்டில் விதி இருந்தும் கைக்கு அது வராமல் போனதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். இருக்கும் தகட்டை வைத்தே ஒன்று செய்யலாம். அச்சு எடுத்த உடனே, மை காய்வதற்குள், அதன்மேல் வேறொரு தாளை வைத்துத் தேய். ஈர அச்சின் மை இரண்டாம் தாளில் கொஞ்சம் இறங்கும். இரண்டு முறை திரும்பியதால் படம் நீ தகட்டில் செதுக்கிய பக்கத்துக்கே வந்துவிடும். இதை மறுபதிவு என்று வைத்துக்கொள். முதல் அச்சைவிட மங்கலாகத்தான் இருக்கும். நம் ஊர் வெயிலில் நீர் மை சில நிமிடத்தில் காய்ந்துவிடும். இரண்டாம் தாளை முன்பே லேசாக நனைத்து, துணியால் ஒற்றி வைத்துக்கொள். விசிறியை நிறுத்திவிடு.

புதிதாகச் செதுக்குவதென்றால், மூல ஓவியத்தின் மேல் ஊடுதாளை வைத்து 4பி பென்சிலால் படியெடுத்து, பென்சில் பக்கத்தைத் தகட்டின்மேல் கவிழ்த்து, பின்புறம் அழுத்தித் தேய். படம் திரும்பி இறங்கும். அதைச் செதுக்கினால் அச்சில் பாட்டியின் வலது கை வலது கையாகவே வரும்.

புள்ளியைப் பற்றிக் கேட்டாய். எனக்குத் தொகுப்பேடுகளைத் திருத்திய அனுபவம் உண்டு. “நிறங்களைக் கலக்கக் கற்றேன், பொறுமையைக் கற்றேன்” என்று நூறு பேர் எழுதுவார்கள். கோலத்துக்கு இடவலம் இல்லை, பால் வெட்டுக்கு உண்டு என்று ஒரு மாணவி எழுதி நான் படித்ததில்லை. கட்டாயம் எழுது. தவறிய அச்சையும் கிழிக்காமல் தொகுப்பேட்டில் வை.

---

ஜன்னல் பக்கம்:

எனக்கு வேறு கருத்து. கலை என்பது தாவரவியல் பாடநூல் இல்லையே! அச்சு அழகாக இருக்கிறது, ஆசிரியை பாராட்டியிருக்கிறார். இடது கைக்காரப் பெண் ஒருத்தி வெட்டுகிறாள் என்று பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பதினாறு நாளில் மற்ற பாடங்களும் இருக்கின்றன. அப்படியே கொடுத்துவிடுங்கள், தங்கை.

---

பால்மரத்துப் பேத்தி:

அக்கா, உங்கள் அக்கறை புரிகிறது, நன்றி. யாரோ ஒரு பெண்ணின் கை என்றால் நானும் விட்டிருப்பேன். இது என் பாட்டியின் கை. வளைந்த விரல் வலது கையில்தான் இருக்கிறது. அது இடது கைக்குப் போய்விட்டால் அந்த மழைநாளும் அந்த முறிவும் வேறு யாருக்கோ நடந்ததாகிவிடும். பாட்டி தன் இடது விரலை நீட்டிக் காட்டியபோது நான் பட்ட கூச்சம் இன்னும் போகவில்லை.

வாத்தியார் ஐயா, சனிக்கிழமை மறுபதிவை முயன்று பார்க்கிறேன்.

---

கோலகங்சார் தாத்தா:

பேத்தி, உன் மூன்றாம் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பத்தொன்பது ஆண்டு பால் வெட்டினேன், அதன்பிறகு மண்டோராக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளராக, இருந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு வெட்டுப் பழக்கியவன்.

உன் பாட்டி சொன்னது சரி. துரைகள் சும்மா வைத்த விதி இல்லை அது. மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் செங்குத்தாக நிற்பதில்லை. மரத்துக்கு நேராக நின்று பார்த்தால், கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கமாகச் சில டிகிரி சாய்ந்து ஏறுகின்றன. அவற்றைக் குறுக்கே அறுக்க வேண்டும் என்றால் கத்தி எதிர்ச்சாய்வில், இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே போக வேண்டும். அப்போது நிறையக் குழாய்கள் அறுபடும். நீ அச்சில் காட்டியபடி வெட்டினால் பால் வராது என்றில்லை. குழாய்களின் சாய்வோடு சேர்ந்து கத்தி போவதால் குறைவான குழாய்களே அறுபடும், பால் குறையும். ஒட்டுக்கட்டி வளர்த்த மரத்துக்கு வெட்டின் சாய்வு சுமார் 30 டிகிரி. அதற்குக் கீழே போனால் பால் கோட்டில் நிற்காமல் பட்டையில் வழிந்து வீணாகும்.

மரத்துக்கே இடவலம் உண்டம்மா. கோலம் போல இல்லை.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். நீ லினோ செதுக்கும் வி வடிவ உளியையும் பாட்டியின் கத்தியையும் பக்கத்தில் வைத்துப் பார். கத்தியின் அலகும் அப்படித்தான் மடிந்திருக்கும். வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பட்டையில் ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவுவோம், அதற்குமேல் சீவினால் பட்டை வீண். ஆழத்தில் மரத்தைத் தொடாமல் ஒரு மெல்லிய அடுக்கை விட்டு நிறுத்த வேண்டும். தொட்டுவிட்டால் காயம். அந்த இடத்தில் புதுப் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. பிரேசில் காடுகளில் அந்தக் காலத்தில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். ஒரே கோட்டை மறுபடி மறுபடி மெல்லச் சீவித் திறக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் 1890களில் சோதித்து நிலைநாட்டியவர் ரிட்லி. அதை ஒவ்வொரு நாளும் இருட்டில் கையால் செய்து காட்டியவர்கள் உன் பாட்டியைப் போன்றவர்கள். பெரட்டு (விடியுமுன் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் போனால், வெளிச்சம் ஒரு முழத்துக்குத்தான் விழும். கண் பாதி, விரல் பாதி. வெட்டு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைக் கைதான் சொல்லும்.

உனக்கு நேரம் இருந்தால் ஒரு நாள் எங்கள் ஊருக்கு வா. பஸ்ஸில் அதிக நேரம் ஆகாது. மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் வேலி போட்டு ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் இங்கே நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது அது. உன் பாட்டியையும் அழைத்து வா. அவர் கண்ணுக்கு அந்த மரத்தில் என்ன தெரிகிறது என்று கேள். நமக்குத் தெரியாதது தெரியும்.

---

அச்சகத்துக்காரன் (கிள்ளான்):

சுருக்கமாக ஒரு யோசனை. எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் நான் எடுபிடியாகச் சேர்ந்தவன். எங்களுக்குத் திருப்பிப் படிப்பது கையோடு வந்த பழக்கம். உங்களுக்கு அது வர, செதுக்கும் இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி வையுங்கள். தகட்டைக் கண்ணாடியில் பார்த்தால் அச்சு எப்படி வரும் என்று அப்போதே தெரிந்துவிடும். தகட்டின் பின்புறம் “இது வலம்” என்று எண்ணெய் மையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தகடு வெட்ட இறுக்கமாக இருந்தால் பத்து நிமிடம் வெயிலில் காட்டுங்கள், இளகிவிடும். ரப்பர் என்று பலரும் நினைப்பார்கள். லினோலியம் என்பது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணியில் படிய வைத்தது. அந்தச் சணல் தெரியும் அளவுக்குத் தோண்டாதீர்கள்.

---

பால்மரத்துப் பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. பதினொரு நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மறுபதிவை நான்கு முறை முயன்றேன். முதல் மூன்றிலும் மை காய்ந்துவிட்டது. நான்காம் முறை தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். நான் அச்சை உரித்து எடுக்கவும் அவன் நனைந்த தாளைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவும் சரியாக இருந்தது. வந்தது. சாம்பல் நிறத்தில், விடியற்காலைப் பனி மூட்டம் போல மங்கலாக இருந்தது. வளைந்த விரல் வலது கையில் இருந்தது. பாட்டி அதைக் கையில் வாங்கி, “இது நான்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தாத்தா எழுதியதைப் படித்த பிறகு, பின்னணியில் நான் வரைந்த மரம் எனக்கு அந்த முதல் நாள் செருப்பு போலத் தெரிந்தது. அது எந்த மரமும் இல்லை. என் நினைவில் இருந்த ஒரு மரம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பாட்டியை அழைத்துக்கொண்டு, எங்கள் தாமானுக்குப் பின்னால் அப்பாவின் நண்பர் வைத்திருக்கும் மூன்று ஏக்கர் ரப்பர்க் காட்டுக்குப் போனேன். அவர் அப்போதுதான் வெட்டிவிட்டு அடுத்த நிரைக்குப் போயிருந்தார்.

பால் கோட்டின் மேல்முனையில் முத்து முத்தாகத்தான் முதலில் கசிகிறது. பிறகு முத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகி இறங்குகின்றன. நான் அதை ஒரே ஓட்டமாக வரைந்திருந்தேன். பழைய வெட்டுகள் வெட்டுக்கோட்டுக்கு மேலே இருந்தன. நான் கீழே வரைந்திருந்தேன். வெட்டிய பட்டை மறுபடி வளர்ந்த இடம் வழுவழுப்பாக, வேறு நிறத்தில் இருந்தது. பாட்டி அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் கை நின்றது. “இங்கே ஒருத்தன் காயம் போட்டிருக்கிறான்” என்றார். நான் தொட்டுப் பார்த்தேன். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். அரிசி அளவுக்கு ஒரு மேடு.

திங்கள்கிழமை அப்பா ஈப்போவிலிருந்து தகடு வாங்கி வந்தார். ஊடுதாளில் எடுத்துக் கவிழ்த்து, பின்புறம் “இது வலம்” என்று எழுதி, சுவரில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துச் செதுக்கினேன். மூன்றாம் நாள் இரவு பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வி வடிவ உளியை வாங்கி நுனியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு ஓரத்தில் நான் வேண்டாம் என்று விட்டிருந்த துண்டில் ஒரு கோடு இழுத்தார். ஆறு அங்குலக் கோடு. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆழம், ஒரே அகலம். சீவல் அறுபடாமல் ஒரே சுருளாக வந்தது. என்னுடைய கோடுகள் நடுவில் தடித்து முனையில் மெலியும். எப்படி என்று கேட்டேன். “கையை அசைக்காதே. உடம்போடு போ” என்றார். பிறகு ஆறு மணிக்கு நிரைக்குள் நடப்பது போல, உட்கார்ந்த இடத்திலேயே இடுப்பை மெல்லத் திருப்பிக் காட்டினார். அன்றிலிருந்து வெட்டுக்கோட்டை மட்டும் எழுந்து நின்றுதான் செதுக்கினேன்.

வகுப்பில் நான் கற்றது பார்ப்பது என்று இதுவரை நினைத்திருந்தேன். ஆசிரியை செருப்பில் தொடங்கிக் கற்றுக்கொடுத்ததும் அதைத்தான். அந்தப் பாடம் இல்லாமல் அந்த வளைந்த விரலை நான் பார்த்திருக்கவே மாட்டேன். ஆனால் அந்த அரிசி அளவு மேட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. என் சிந்தனை மீட்சியின் முதல் பக்கம் முழுவதும் இப்போது அந்த மேட்டைப் பற்றித்தான் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் தவறிய அச்சும், மறுபதிவும், வாத்தியார் ஐயா சொன்ன சங்கும் வருகின்றன. ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முதல் அச்சைத் திரும்ப வாங்கிப் பார்த்துவிட்டு, தன் கையைக் காற்றில் சாய்த்து இரண்டு பக்கமும் இறக்கிப் பார்த்தார். “இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. நடுவில் தகட்டையும் வை” என்றார்.

புதிய அச்சின் முதல் படியை நேற்று எடுத்தேன். இந்த முறை மரப்பட்டை கறுப்பாக நிற்கிறது. பால் இறங்கும் கோட்டை முழுவதும் செதுக்கி எடுத்துவிட்டதால் அங்கே மை படவில்லை. தாளின் வெள்ளைதான் பால். பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை மேல்முனையில் வைத்துக் கோட்டின் மேலேயே இறக்கிக்கொண்டு வந்தார். வளைந்த விரல் மங்கில் வந்து நின்றது.

“பால் வந்துவிடும்” என்றார். பிறகு விரலை எடுக்காமலே கேட்டார்: “மங்கை எதில் மாட்டியிருக்கிறாய்? கம்பி எங்கே?”

மரத்தைச் சுற்றி மங்கைத் தாங்கும் கம்பியை நான் வரையவே இல்லை. நல்லவேளையாக அந்த இடம் இன்னும் செதுக்கப்படாத கறுப்பு. கம்பியை வெள்ளைக் கோடாக எடுத்துவிடலாம். ஒப்படைக்க ஐந்து நாள் இருக்கிறது. கோலகங்சார் தாத்தா, ஒரே ஒரு சந்தேகம். கம்பி மங்கின் கழுத்தைச் சுற்றி வருமா, அடியில் தாங்கி வருமா? பாட்டி தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை.

---

கோலகங்சார் தாத்தா:

இன்று இரவு செதுக்காதே, பேத்தி. காலையில் பாட்டியிடமே கேள். ஒரு துண்டுக் கம்பியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேள், வளைத்தே காட்டுவார்.